ஸ்டார்ட்டர் எத எடுக்கறது, புதையல எங்க தேடறது: மான்ஸ்டர் கேம்ஸுக்கு புதுசா வர்றவங்களுக்கு

மான்ஸ்டர் புடிக்கிற கேம் புதுசா ஆரம்பிக்கிறவங்க எல்லாரும் மொதல்ல கேக்கறது ஒண்ணு தான், ஸ்டார்ட்டரா, அதாவது ஆரம்பத்துல தர்ற மொத ஜந்துவா, மூணு நிக்குது, எத எடுக்கட்டும்? ரெண்டாவது கேள்வி ஒரு பத்து மணி நேரம் கழிச்சு வரும். கையில காசு இல்ல, மருந்து இல்ல, மத்தவங்களுக்கு மட்டும் எப்படி லெவல் ஏத்தற ரேர் கேண்டி கெடைச்சிட்டே இருக்குன்னு. எனக்கு ரொம்ப நாள் கழிச்சு தான் புரிஞ்சுது, ரெண்டு கேள்விக்கும் பதில் மேப்புல இருக்கு. ஸ்டார்ட்டர பாத்து ஸ்டார்ட்டர எடுக்காதீங்க, முன்னாடி இருக்கற ரோட்ட பாத்து எடுங்க. புதையலும் அப்படித்தான், அந்த ரோட்ட போட்டவன் எதுக்கு இந்த மூலைய வச்சான்னு யோசிச்சா பாதி கெடைச்சிரும்.

இந்த வகை கேம பத்தி சுத்தமா தெரியாதவங்களுக்கு ரெண்டே வரி. காட்டுல புல்லுல சுத்தற ஜந்துக்கள சண்டை போட்டு பலவீனமாக்கி புடிக்கணும், வளக்கணும், அதுங்கள வச்சு அடுத்த ஆளோட டீம ஜெயிக்கணும். இதுல பெரிய பேரு போக்கிமான், 1996 பிப்ரவரி 27 அன்னிக்கு ஜப்பான்ல கேம் பாய்ல ரெட், க்ரீன்னு ரெண்டா வந்துச்சு. அத உருவாக்குன சடோஷி தஜிரிக்கு சின்ன வயசுல பூச்சி புடிக்கிற பைத்தியம், அதுலேர்ந்து தான் இந்த ஐடியாவே வந்துச்சுன்னு அவரே சொல்லியிருக்காரு. பூச்சி புடிச்சு பழகுன ஆளு கல்ல புரட்டி பாக்காம போக மாட்டான்ல, அந்த புத்தி கேம் பூரா இருக்கு, புதையல் பக்கம் வர்றப்போ இத ஞாபகம் வச்சுக்கோங்க.

சரி, ஸ்டார்ட்டர். ஆரம்பத்துல ஒரு ப்ரொஃபசர் மூணு குட்டிய காட்டி ஒண்ணு எடுத்துக்கோம்பாரு. பெரும்பாலும் ஒண்ணு புல்லு டைப், ஒண்ணு நெருப்பு, ஒண்ணு தண்ணி. தண்ணி நெருப்ப அணைக்கும், நெருப்பு புல்ல எரிக்கும், புல்லு தண்ணிய குடிச்சிரும், அவ்ளோ தான் லாஜிக். சாதகமான டைப்ல அடிச்சா அடி 2 மடங்கு விழும், பாதகமா அடிச்சா பாதி தான். இதுக்கு மேல இன்னொண்ணு இருக்கு, அடிக்கிற ஜந்துவோட டைப்பும் அது போடற மூவோட, அதாவது அடியோட, டைப்பும் ஒண்ணா இருந்தா இன்னும் 1.5 மடங்கு. அதாவது தண்ணி ஜந்து தண்ணி மூவால நெருப்ப அடிச்சா மொத்தம் 3 மடங்கு. எதிரிக்கு ரெண்டு டைப் இருந்து ரெண்டுமே தண்ணிக்கு பயந்ததா இருந்தா 4 மடங்கு, அந்த 1.5ஐயும் சேத்தா 6. இந்த 6 தான் கீழ வரப்போற கதைக்கு முக்கியம்.

மொத கேம்ல ஸ்டார்ட்டர் மூணும் பல்பசார் புல்லு, சார்மாண்டர் நெருப்பு, ஸ்குவர்ட்டில் தண்ணி. நான் எடுத்தது சார்மாண்டர், ஏன்னா கடைசில அது சாரிசார்டா மாறி றெக்கையோட நெருப்ப கக்கும், எல்லாருமே அதுக்கு தான் எடுக்கறாங்க. ஆனா ஊர்ல இருக்கற ஜிம்முங்கற சண்டைக்கூடத்தோட தலைவன், மொத ஜிம் லீடர், ப்ராக். கல்லு டைப். அவன்கிட்ட லெவல் 12ல ஜியோடூட், லெவல் 14ல ஆனிக்ஸ், ரெண்டுமே கல்லும் மண்ணும் சேந்தது. நெருப்பு மூவ் கல்லு மேல பாதி தான் விழும், புல்லும் தண்ணியும் போட்டா அந்த 6 மடங்கு. ஸ்குவர்ட்டில் வச்சிருந்தவன் லெவல் 8ல கத்துக்கற பபிள்லயே ஊதிட்டு போயிட்டான், நான் மூணு தடவ தோத்தேன். சரி தாண்டிட்டோம்டான்னு அடுத்த ஊருக்கு போனா அங்க மிஸ்டி, தண்ணி டைப். வரிசையா ரெண்டு அடி. இதத்தான் நான் சொல்றேன், சாரிசார்ட் அழகா இருக்குன்னு எடுத்தேன், ரோட்ட பாக்கல.

அதுக்காக சார்மாண்டர் எடுக்காதீங்கன்னு சொல்லல, நான் இன்னமும் அதத்தான் எடுப்பேன். வழியில காடு வருதுல்ல, அங்க கேட்டர்ப்பின்னு ஒரு புழு இருக்கும், லெவல் 10க்குள்ள ரெண்டு தடவ உருமாறி பட்டர்ஃப்ரீ ஆயிரும், லெவல் 12ல கன்ஃப்யூஷன்னு ஒரு மூவ் வரும், ப்ராக்கோட கல்லுங்களுக்கு அந்த மாதிரி ஸ்பெஷல் அடி தாங்காது. அதாவது ஸ்டார்ட்டர்ல இருக்கற ஓட்டைய அடைக்கிறதுக்கான ஆள கேமே ஜிம்முக்கு முந்தின புல்லுல வச்சிருக்கும். மூணுல எத எடுத்தாலும் கேம முடிக்கலாம், முடிக்கிற மாதிரி தான் செஞ்சிருக்காங்க, ஆனா எத எடுக்கறீங்களோ அதப்பொறுத்து அடுத்த அஞ்சு மணி நேரம் எங்க நின்னு என்ன புடிக்கணும்ங்கறது மாறும்.

இந்த விஷயத்த ஒளிச்சு வைக்காம நேரடியா முகத்துல அடிச்ச கேம் 2010ல வந்த ப்ளாக், வைட். அதுல மொத ஜிம்ல மூணு அண்ணன் தம்பிங்க, நீங்க எந்த ஸ்டார்ட்டர் எடுத்தீங்களோ அத அடிக்கிற டைப் வச்சிருக்கறவன் தான் உங்க முன்னாடி வந்து நிப்பான். தப்பிக்கவே முடியாது. ஆனா அதே ஊருக்கு பக்கத்துல ட்ரீம்யார்ட்னு ஒரு பாழடைஞ்ச எடம், அங்க போனா ஒரு பொண்ணு ஒரு குரங்கு தரும், அந்த குரங்கு எந்த டைப்னா அந்த ஜிம்காரன அடிக்கிற டைப். ஜிம்முக்கு நேரா ஓடாம ஊர சுத்தி பாத்தவனுக்கு பரிசு. ஸ்டார்ட்டரும் புதையலும் ஒரே பாடம்னு நான் சொல்றதுக்கு இத விட நல்ல உதாரணம் எனக்கு தெரியல.

மத்த கேம்ஸ்லயும் இதே கணக்கு தான். ஜோட்டோங்கற ஊர்ப்பக்கம் நடக்கற கேம்ல புல்லு ஸ்டார்ட்டர் சிக்கோரிட்டா எடுத்தா மொத ஜிம் பறவைங்க, ரெண்டாவது பூச்சிங்க, ரெண்டு டைப்புமே புல்ல சாதகமா அடிக்கும், பாவம் அந்த குட்டி. மூணாவதுல விட்னியோட மில்டேங்க், ரோல்அவுட்னு ஒரு மூவ் போடும், ஒவ்வொரு தடவ படும்போதும் அடி ரெண்டு மடங்காகிட்டே போகும், அதுல அழுதவங்க எந்த ஸ்டார்ட்டர் எடுத்தவங்கன்னு பிரிக்கவே முடியாது. ஹோயென் பக்கம் நடக்கற ரூபி, சஃபயர் கேம்ஸ்ல தண்ணி ஸ்டார்ட்டர் மட்கிப் எடுத்தா வாழ்க்கை சுகம். லெவல் 16ல அது தண்ணியும் மண்ணும் சேந்த டைப்பா மாறும், மண்ணு மேல கரன்ட் அடிக்கவே அடிக்காது, அதனால மூணாவது ஜிம் வாட்சன் கரன்ட் வச்சுகிட்டு சும்மா நிப்பாரு. புல்லு மட்டும் தான் அதோட பலவீனம், அது மட்டும் 4 மடங்கு விழும், கவனம்.

இன்னொரு கணக்கும் இருக்கு, இத யாரும் புதுசா வர்றவங்களுக்கு சொல்றதில்ல. உங்க ஸ்டார்ட்டர் டைப் அந்த ஊர்ல வேற எங்கயாவது கெடைக்குமா? தண்ணி டைப் எல்லா கேம்லயும் கொட்டி கெடக்கும், ஒரு தூண்டில் வாங்குனா போதும். நெருப்பு அப்படி இல்ல. 2006ல வந்த டைமண்ட், பேர்ல்ல கதை முடியற வரைக்கும் நெருப்பு டைப்புன்னா ரெண்டே குடும்பம், ஸ்டார்ட்டர் சிம்சாரோட குடும்பம், அப்புறம் போனிட்டா குடும்பம். ஆள் பஞ்சம் எவ்ளோன்னா, அதுல நெருப்பு ஸ்பெஷலிஸ்ட்னு வர்ற ஃப்ளின்ட்டே டீம நெரப்ப ஆளில்லாம நெருப்பே இல்லாத ஜந்துக்கள வச்சுகிட்டு நிப்பாரு. அந்த கேம்ல சிம்சார் எடுக்கறது அழகுக்காக இல்ல, பஞ்சத்துக்காக. போதாததுக்கு லெவல் 14ல அது மான்ஃபெர்னோ ஆகும்போது சண்டை டைப்பும் சேந்துக்கும், மேக் பஞ்ச்னு ஒரு சண்டை மூவ் வரும், மொத ஜிம்ல நிக்கிற கல்லுங்கள அதே ஒடைச்சிரும்.

2022 நவம்பர் 18 வந்த ஸ்கார்லெட், வயலெட்ல ரோடே ஒண்ணு கெடையாது, எந்த ஜிம்முக்கும் எப்ப வேணா போலாம். அப்ப ரோட்ட பாத்து எடுங்கன்னு நான் சொன்னது உடைஞ்சுதான்னு கேப்பீங்க. இல்ல, ஜிம் லீடருங்க லெவல் உங்களுக்கு ஏத்த மாதிரி மாறாது, அவங்கவங்க லெவல் ஃபிக்ஸ், அதனால மறைமுகமா ஒரு வரிசை இருக்கவே இருக்கு. கம்மி லெவல் ஜிம் பூச்சி டைப் கேட்டியோடது, நெருப்பு முதல ஃப்யூகோக்கோ எடுத்தவங்களுக்கு அது பஞ்சு மாதிரி.

நேச்சர், ஷைனி இதெல்லாம் மொத ஆட்டத்துல விட்ருங்க. நேச்சர்ங்கறது ஒரு ஸ்டாட்ட 10 சதவீதம் ஏத்தி இன்னொண்ண 10 சதவீதம் எறக்கும், கதைய முடிக்கிறதுக்கு அது தெரியவே தெரியாது. ஷைனின்னா கலர் மாறி வர்றது, பழைய கேம்ஸ்ல 8192ல ஒண்ணு, 2013லேர்ந்து வந்ததுல 4096ல ஒண்ணு. அதுக்காக ஸ்டார்ட்டர் வாங்கி வாங்கி ரீசெட் பண்ணிட்டு ஒக்காந்தா கேமே ஆரம்பிக்காது.

போக்கிமான் இல்லாத கேம்ஸ்ல ஸ்டார்ட்டர் விஷயம் வேற வேற மாதிரி இருக்கும். கேசட் பீஸ்ட்ஸ்ல ரெண்டு தான், இனிப்பா இருக்கற கேண்டெவில், பயமுறுத்தற பேன்ஷீப். மான்ஸ்டர் சாங்சுவரில நாலு, கழுகு, தேரை, சிங்கம், ஓநாய். பால்வேர்ல்ட்ல யாரும் எதுவும் தர மாட்டாங்க, எறங்குன எடத்துல மேயற ஆட்டுக்குட்டி மாதிரி ஒண்ணையோ பூனை மாதிரி ஒண்ணையோ நீங்களே அடிச்சு புடிச்சிக்க வேண்டியது தான். எந்த கேமா இருந்தாலும் எடுக்கறதுக்கு முன்னாடி ஒரே கேள்வி, மொதல்ல வரப்போற பெரிய சண்டை என்ன டைப். ஸ்பாய்லர் வேணாம்னா ஊர் பேர பாருங்க, ஊருக்காரங்க சொல்றத கேளுங்க, அவங்க சொல்லிருவாங்க.

இப்ப புதையல். நான் நெஜமாவே சொல்ல வந்தது இதத்தான்.

கீழ கெடக்கற ஐட்டம் ரெண்டு வகை. கண்ணுக்கு தெரியறது, பந்து மாதிரி தரையில கெடக்கும், அத எடுக்கறதுல ஒண்ணும் இல்ல. இன்னொண்ணு கண்ணுக்கு தெரியாதது, சாதாரண தரை மாதிரியே இருக்கும், அது முன்னாடி சரியா நின்னு பட்டன அமுத்துனா தான் கெடைக்கும். எல்லா கட்டத்துலயும் நின்னு அமுத்திட்டு இருந்தா பைத்தியம் புடிச்சிரும். அதனால எங்க அமுத்தணும்னு தெரியணும்.

என்னோட மொத விதி, காரணம் இல்லாத முட்டுச்சந்து கெடையாது. பழைய கேம்ஸ்ல மேப்ப கட்டம் கட்டமா கையால வச்சிருக்காங்க, ஒரு குகைக்குள்ள ஒரு வழி போயி எங்கயும் சேராம நிக்குதுன்னா ஒருத்தன் வேலை மெனக்கெட்டு அத அங்க வச்சிருக்கான். அங்க தெரியற மாதிரி ஐட்டம் இருந்தா சரி, இல்லன்னா அமுத்தி பாருங்க. மௌன்ட் மூன் குகையிலயே ஒரு மூன் ஸ்டோன் இப்படி தெரியாம கெடக்கும், சில ஜந்துக்கள உருமாத்த அது வேணும். ரெண்டாவது விதி, தனியா நிக்கிற பொருள். நாலு பக்கமும் புல்லு, நடுவுல ஒத்தக் கல்லு. பாலைவனத்துல ஒரே ஒரு செடி. வரிசையா வச்சிருக்கற தொட்டில ஒண்ணு மட்டும் தள்ளி. மூணாவது, குப்பைத்தொட்டி. சிரிக்காதீங்க, மொத கேம்ல எஸ்.எஸ். ஆன் கப்பல் சமையல்கட்டு குப்பைத்தொட்டில ஜந்து புடிக்கிற க்ரேட் பால் ஒண்ணு கெடக்கும். சூதாட்ட கடை தரையில அங்கங்க காயின் சிதறி கெடக்கும், எவனோ ஆடிட்டு கீழ போட்டுட்டு போன மாதிரி, யோசிச்சு பாத்தா அது நியாயமாவும் இருக்கு. அது தான் விஷயம், ஒளிச்சு வச்சவன் பெரும்பாலும் ஒரு காரணத்தோட ஒளிச்சிருப்பான்.

காரணத்தோட ஒளிச்சதுல எனக்கு ரொம்ப புடிச்சது ஒண்ணு இருக்கு. 2004ல வந்த ஃபயர்ரெட், லீஃப்க்ரீன்ல ரோட்ட அடைச்சிட்டு ஸ்னார்லாக்ஸ்னு ஒரு குண்டன் தூங்கும், அத எழுப்பி அனுப்பிட்டு எல்லாரும் பாட்டுக்கு போயிருவாங்க. அது படுத்திருந்த அதே கட்டத்துல ஏறி நின்னு ஐட்டம்ஃபைண்டர போட்டா காலுக்கு கீழேர்ந்து லெஃப்ட்ஓவர்ஸ் கெடைக்கும். அது தின்னுட்டு போட்ட மிச்சம்! ஜந்து கையில அத குடுத்தா ஒவ்வொரு சுத்துக்கும் மொத்த உயிர்ல 16ல 1 பங்கு தானா ஏறிட்டே இருக்கும், கேமோட நல்ல ஐட்டங்கள்ல ஒண்ணு. அதே கேம்ல கடைசி ஜிம்ல ஜியோவானி நின்ன எடத்துல ஏறி நின்னு தேடுனா மேக்கோ ப்ரேஸ்ங்கற ஐட்டம் கெடைக்கும். ஆள் இருந்த எடத்துல பொருள் இருக்கும், இது நாலாவது விதின்னு வச்சுக்கோங்க.

ஐட்டம்ஃபைண்டர்னு சொன்னேன்ல, அது புதையல் இருக்கான்னு சொல்ற மெஷின். மொத கேம்ல அத வாங்கவே 30 வகை ஜந்து புடிச்சிருக்கணும், அப்புறம் ரூட் 11ல ப்ரொஃபசரோட ஆளு தருவாரு. வாங்கி போட்டா, பக்கத்துல இருக்கு, இல்ல, அவ்ளோ தான் சொல்லும், எந்த பக்கம்னு சொல்லாது, மெஷினா அது. ரூபி, சஃபயர்லேர்ந்து தான் திசைய காட்ட ஆரம்பிச்சுது. அப்புறம் டௌசிங் மெஷின்னு பேரு மாறுச்சு, 2016 சன், மூன்ல மெஷினே போயி ஸ்டௌட்லாண்ட்னு ஒரு நாய் மேல ஏறி அது மோப்பம் புடிக்கிற மாதிரி வச்சாங்க, 2022 ஜனவரில வந்த லெஜண்ட்ஸ் ஆர்சியஸ்ல உர்சலூனாங்கற கரடி மேல ஏறி போனா மண்ணுக்குள்ள இருக்கறத அது கண்டுபுடிக்கும். சமீபத்து கேம்ஸ்ல தரையில மினுக்குன்னு ஒரு பொட்டு மின்னும், அத பாத்து எடுக்க வேண்டியது தான். ஈஸி, ஆனா அந்த பழைய கிக் இல்லன்னு தான் சொல்லுவேன்.

மெஷின் கையில வந்த ஒடனே பழைய ஊருக்கெல்லாம் ஒரு ரவுண்டு திரும்பி போங்க. நெறைய பேரு இத பண்றதில்ல. மொத காட்டுலயே ரெண்டு மருந்து ஒளிஞ்சிருக்கும், அப்ப நமக்கு தெரிஞ்சிருக்காது.

தோண்டறதுன்னா அது டைமண்ட், பேர்ல் அண்டர்க்ரவுண்ட் தான். எட்டெர்னா ஊர்ல ஒரு பெரியவர் எக்ஸ்ப்ளோரர் கிட் தருவாரு, எறங்குனா சுவத்துல அங்கங்க மின்னும், அங்க தோண்டணும். சுத்தியல் ஒண்ணு, பிக்காக்ஸ் ஒண்ணு. சுத்தியல் ஒரே அடில பெரிய எடத்த ஒடைக்கும், ஆனா சுவர் விரிசல் சீக்கிரம் ஓடி மொத்தமா சரிஞ்சிரும், அதுக்குள்ள முழுசா வெளிய வராத பொருள் போச்சு. பிக்காக்ஸ் கொஞ்சமா ஒடைக்கும், சுவர் தாங்கும். புதுசா வர்றவங்க பண்ற தப்பு பூரா சுத்தியலாலயே அடிக்கிறது. நான் பண்றது, மொதல்ல மூணு நாலு எடத்துல தள்ளி தள்ளி சுத்தியலால ஒரு போடு, ஏதாவது ஓரம் தெரிஞ்சுதுன்னா அப்புறம் பிக்காக்ஸ் எடுத்து அத சுத்தி மட்டும் பொறுமையா. ஃபாசில், உருமாத்தற கல்லுங்க எல்லாம் இதுல வரும். ஒடையாத இரும்பு மாதிரி ஒரு கட்டை வந்தா அத விட்ருங்க, அதுல அடிக்கிற ஒவ்வொரு அடியும் வேஸ்ட்டு.

தேடறதுக்கு சோம்பேறித்தனமா இருக்கா, அதுக்கும் வழி இருக்கு. பிக்அப்ங்கற எபிலிட்டி இருக்கற ஜந்து ஒண்ணு டீம்ல வச்சுக்கோங்க, ஹோயென்ல ஆரம்பத்துலயே ஜிக்ஜகூன் கெடைக்கும், சண்டை முடிஞ்சதும் 10 சதவீத வாய்ப்புல தானா எதையாவது பொறுக்கிட்டு வரும். கையில ஐட்டம் இருந்தா பொறுக்காது, அடிக்கடி எடுத்து காலி பண்ணிட்டே இருக்கணும்.

கெடைச்சத என்ன பண்றது? நக்கெட் மாதிரி தங்கக்கட்டி விக்கறதுக்கு தான் இருக்கு, பழைய கேம்ஸ்ல 5000க்கு போகும், வித்துருங்க, சும்மா பையில வச்சு என்ன. முத்து, நட்சத்திரத் துண்டும் அதே தான். உருமாத்தற கல்ல விக்காதீங்க. ரேர் கேண்டி ஒரு லெவல் ஏத்தும், ஆரம்பத்துல தின்ன குடுக்காதீங்க, லெவல் 8லேர்ந்து 9க்கு ரெண்டு சண்டைல போயிரலாம், லெவல் 50க்கு மேல ஒரு லெவலுக்கு எவ்ளோ நேரம் ஆகுதுன்னு பாத்தப்புறம் அதோட அரும தெரியும்.

ஸ்கார்லெட், வயலெட்ல கதையே புதையல் வேட்டை தான், ஸ்கூலே வேட்டைக்கு அனுப்பும். அதுல கோபுரத்து மேல, வழியோரமெல்லாம் கிம்மிகூல்னு ஒண்ணு பெட்டிக்குள்ளயோ பெட்டி இல்லாமயோ ஒளிஞ்சிருக்கும், காயின் தரும், 999 காயின் சேத்தா தான் அது உருமாறும். நான் 400ல விட்டவன், பொறுமைசாலிங்க முயற்சி பண்ணுங்க. மண்ணுல குத்தி வச்ச மர்ம ஆணிங்க நாலு கலர்ல, கலருக்கு 8, மொத்தம் 32, ஒரு கலர் பூரா புடுங்குனா ஒரு கதவு தொறந்து உள்ள ஒரு பழைய பேய் மாதிரி ஜந்து இருக்கும். பால்வேர்ல்ட்ல இதுக்கு சமமானது பச்சையா ஒளிர்ற குட்டி சிலைங்க, ராத்திரில சுத்துனா தூரத்துலேர்ந்தே தெரியும், அத சேத்து குடுத்தா ஜந்து புடிக்கிற பவர் ஏறும்.

கடைசியா ஒண்ணு, இல்லாத புதையல் கதைகளும் சுத்தும், ஜாக்கிரதை. மொத கேம்ல அந்த எஸ்.எஸ். ஆன் கப்பல் நிக்கிற துறைமுகத்துல ஒரு லாரி இருக்கும், கேம் பூரா வேற எங்கயும் லாரியே கெடையாது. அத தள்ளுனா அடியில மியூங்கற ரொம்ப அபூர்வமான ஜந்து இருக்குன்னு ஒரு வதந்தி. தண்ணில நீந்திட்டு போயி தான் அங்க சேரணும், அதுக்கு கப்பல் கெளம்பாம பாத்துக்கணும், அவ்ளோ கஷ்டப்பட்டு போனா லாரி நகராது, ஒண்ணும் இருக்காது. நான் மேல சொன்ன தனியா நிக்கிற பொருள் விதி அந்த ஒரு எடத்துல என்னை ஏமாத்திருச்சு. ஆனா ஃபயர்ரெட், லீஃப்க்ரீன் பண்ணப்போ, இத்தன பேரு வந்து ஏமாந்துட்டு போனாங்கன்னு அவங்களுக்கு தெரிஞ்சிருக்கும் போல, அந்த லாரி பக்கத்துல கண்ணுக்கு தெரியாம ஒரு லாவா குக்கி வச்சிருக்காங்க. மியூ தேடி வந்தவனுக்கு ஒரு பிஸ்கட்டு. நான் அத இன்னும் திங்க குடுக்காம பையில வச்சிருக்கேன்.